உப்பளத்துக் கண்ணுக்கு ஒரு வீடு

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று என் கணவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உப்புப் பானையோடு உள்ளே போனார். புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பானையை அடுப்படியில் இறக்கி வைத்தவர், பால் பொங்குவதற்குள் வெளியே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்ததுதான், சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. இலையை மரத்தடிக்கே கொண்டுபோய்ப் போட்டோம்.

"கூலிங் கிளாஸ் போட்டு ஜம்முன்னு வந்தாரு அண்ணன், எங்க ஆளையே காணோம்?" என்று எதிர்வீட்டு மதினி சிரித்தாள். "கண்ணு ஆபரேசன் பண்ணின ஆளு, கூட்டம் ஆகாது" என்று சமாளித்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொதித்தது. இரண்டு வருஷம் பேயாய் அலைந்து கட்டிய வீடு. அந்த மனுஷன் அதில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு என்ன ஆசை?

கடலாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் இரண்டு பேருமே காடு கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் என் கணவர் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிற வேனில் ஏறினார். ஒரு வருஷத்துக்கு என்று ஏறியவர் இருபத்தாறு வருஷம் ஏறிக்கொண்டே இருந்தார். பொழுது விடியும் முன்னே போய், பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றிவிட்டு, மதியம் தாண்டித்தான் திரும்புவார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. மதியம் என்றால் எனக்கு அடுப்பு, அவருக்கு உப்பு. அதனால் வெயில் ஏறிய நேரத்து உப்பளத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

பிறகு கண் கெட்டது. முதலில் தண்ணீராக வடிந்தது, அப்புறம் ஓரத்தில் சதை வளர்ந்தது, கடைசியில் புரையும் வந்து மூடியது. மதுரையில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தோம். "இனி உப்பளத்துப் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார். அவர் கட்டிலில் படுத்திருந்த அந்த மாதத்தில்தான் புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்து, பெயிண்ட் அடிக்கிற நேரம் வந்தது.

எங்கள் தெருவைப் பார்த்திருந்தால் என் ஆசை புரியும். ஒரு வீடு கிளிப்பச்சை, ஒரு வீடு கத்தரிப்பூ, எதிர்வீட்டு மதினி வீட்டில் சுவருக்கு ஒரு நிறம். நான் மட்டும் கைப்பேசியில் வேறு வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைத் திரை. ஒரு பொண்ணு ஒவ்வொரு அறையாகக் காட்டி "நியூட்ரல் கலர், நியூட்ரல் கலர்" என்று இழுத்து இழுத்துச் சொல்லுவாள். நான் சொக்கிப்போய்ப் பார்ப்பேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இருந்தது பின்பக்கத்துக் கூரை வீட்டில். ஒரே அறை, மூலையில் அடுப்பு. சுவர், கூரை, பாத்திரம், என் சேலைத் தலைப்பு எல்லாம் கரி. பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கரி. என் நகக்கண்ணில் கரி இல்லாத நாளை நான் கண்டதில்லை. வெள்ளைச் சுவர் என்றால் எனக்குக் கரி எட்டாத இடம் என்று அர்த்தம். சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, விரல் சுத்தமாக வர வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

பெயிண்டர் திருப்புல்லாணியிலிருந்து வந்தவர். நிற அட்டையை விரித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையில் விரலை வைத்தேன். அப்போது என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"கொஞ்சம் மங்கலா எதாச்சும் பாப்பமா?" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். "உப்பு வாருறவருக்கு நிறத்தப் பத்தி என்னா தெரியும்? நீங்க சும்மா இருங்க" என்றேன். பெயிண்டரும் அவரோடு வந்த ஆளும் சிரித்துவிட்டார்கள். என் கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். நானும் அதை அந்த நிமிஷமே மறந்துபோனேன்.

வெள்ளை அடித்தோம். கண்ணாடி மாதிரி மினுங்கும் வெள்ளை டைல்ஸ் பதித்தோம். வெள்ளைத் திரை தைத்து மாட்டினேன். "என்ன மதினி, பிரைமரோட நிறுத்திட்டீக? பெயிண்ட் எப்ப அடிப்பீக?" என்று தெருவே கேலி செய்தது. நான் காதில் வாங்கவில்லை. நடு வாசலில் நின்று பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்தது.

ஆனால் அவர் உள்ளே வரவில்லை. பகலெல்லாம் கூரை வீட்டிலோ மரத்தடியிலோதான் கிடந்தார். பொழுது சாய்ந்த பிறகு வந்து படுத்துவிட்டு, விடிந்ததும் எழுந்து போய்விடுவார். கேட்டால் ஒரு நாளைக்கு ஒரு சாக்கு. "ஃபேன் காத்து ஒத்துக்கலம்மா." "தரை வழுக்குது." "அங்கன வேர்க்குது." வேப்பமரத்தடியில் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஓடுகிற டிவியைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் ஆத்திரத்தில் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். துண்டை உதறிப் போட்டு மரத்தடியிலேயே படுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனுஷனிடம் சண்டை போடவும் முடியாது.

எனக்குள் ஒரே கணக்கு ஓடியது. தன்னைக் கேட்காமல் எல்லாம் செய்துவிட்டேன் என்று மனுஷன் முறுக்கிக்கொண்டு திரிகிறார். முறுக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிடுவோம். இப்படித்தான் தையும் மாசியும் போயின. பங்குனியும் சித்திரையும்கூடப் போயின.

வைகாசிக் கடைசியில் எங்கள் ஒரே மகளுக்கு வளைகாப்பு வைத்தோம். அதைப் புது வீட்டு நடுக்கூடத்தில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல, "மரத்தடியில பந்தல் போட்டுக்கலாமே" என்றார் அவர். எனக்கு எப்படி இருக்கும்? மகளுக்கே போனைப் போட்டுக் கொடுத்தேன். அவள் பட்டென்று, "அய்யா, நீங்க உள்ள வந்து எனக்கு அட்சத போட்டாத்தான் நான் மணையில உக்காருவேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "வாரேந்த்தா, வாரேன்" என்றார். சொல்லும்போது முகம் சரியில்லை. மகளுக்கு முன்னால்கூட இந்த மனுஷனுக்கு என்ன பிடிவாதம் என்று நினைத்து அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

உப்பளத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு வளைகாப்பு சொல்ல வேண்டும். அவர் போகக் கூடாது. பள்ளிக்கூடம் லீவு. வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். வாலிநோக்கம் போய் இறங்கி உப்பளத்துக்கு நடந்தபோது மணி பதினொன்று இருக்கும்.

ஆத்தி! அந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன்? மேலேயும் வெயில், கீழேயும் வெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. குடையைப் பிடித்தேன், குடைக்கு அடியிலிருந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளேயும் வெள்ளை. பொலபொலவென்று கண்ணீர் ஊற்றியது. வரப்பு எது பாத்தி எது என்று தெரியாமல் நடுவழியில் நின்றுவிட்டேன்.

யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். "குனிஞ்சு வரப்பப் பாத்தே வாங்க மதினி. மேல பாக்காதீக" என்றாள் ஒருத்தி. அவரோடு பல வருஷம் உப்பு சுமந்த அம்மா அவள். குனிந்தேன். காலடியில் வரப்பு மண் மட்டும் பழுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது. அதில் கண்ணைப் பதித்த பிறகுதான் மூச்சு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

இடைவேளை நேரம். எல்லாரும் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருத்தர்கூடப் பாத்திப் பக்கம் திரும்பி இல்லை. அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்து, வரிசையாக, பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மழைக்கு மூடி வைத்த உப்பு அம்பாரம். மேலே பனையோலை வேய்ந்திருந்தது. காய்ந்து பழுத்த ஓலை. அதை ஒட்டி சவுக்குக் கம்பு நட்டு, பழைய சாக்குகளைத் தைத்து ஒரு தட்டி கட்டியிருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் அங்கனயே பாத்து உக்காந்திருக்கீக?" என்று கேட்டேன்.

"கண்ணு ஆறணும்ல மதினி. வெள்ளையவே பாத்துப் பாத்து எரியும். ஓலையையும் சாக்கையும் கொஞ்ச நேரம் பாத்தாத்தான் மறுபடியும் பாத்தியில எறங்க முடியும். இந்தத் தட்டியே உங்க வீட்டுக்காரரு கட்டுனதுதான்."

தட்டியில் கைவைத்து அதன் தையலைத் தடவிப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. "அவரு இல்லாம இங்க ஒண்ணும் ஓடல. பாத்தித் தண்ணி நிறத்தப் பாத்தே எந்தப் பாத்திய இன்னைக்கு வாரணும், எதை ரெண்டு நாள் விடணும்னு சொல்லுவாரு. தண்ணி மீன் கழுவுன தண்ணி மாதிரி செவந்து வந்தாப் பதம்னு நமக்கும் தெரியும். அவருக்கு அதுலயே ஏழெட்டு நிறம் தெரியும். உப்புலயும் அப்படித்தான். எல்லாம் வெள்ளைதான நமக்கு? அவரு, இது பால் வெள்ளை, இது சாம்பல் வெள்ளை, இதுல நீலம் ஓடுதும்பாரு. மொதலாளியே உப்புத் தரம் பாக்க அவரத்தான் கூப்புடுவாரு" என்றாள்.

உப்பு வாருறவருக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவள் நான். அதுவும் வந்த வேலையாட்கள் முன்னால். வெற்றிலை பாக்கை எப்படிக் கொடுத்தேன், என்ன சொல்லி அழைத்தேன், எதுவும் ஞாபகம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர், "உப்பளத்துக்குப் போனீகளா? அப்படித்தான் வடியும்" என்றார். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, டைல்ஸில் பட்டு, சுவரில் பட்டு, கூடம் முழுக்கத் தகதகவென்று இருந்தது. நான் ஆசை ஆசையாய்க் கட்டியிருந்தது இன்னொரு பாத்தி. இருபத்தாறு வருஷம் கழித்துத் தப்பித்து வந்த மனுஷனை மறுபடியும் அதற்குள் இறங்கச் சொல்லித்தான் இத்தனை மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அவர் மரத்தடியில் படுத்திருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"கண்ணு எரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாயில என்னா கொழுக்கட்டையா?" என்றேன். அழுகை வந்தாலும் எனக்குத் திட்டாகத்தான் வரும்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "உப்பளத்துக்குள்ள போய்ட்டியா? குடை கொண்டு போனியா?" என்றார்.

"குடை கிடக்கட்டும். ஏன் சொல்லலன்னு கேக்குறேன்."

"நீ ஆசப்பட்டு அடிச்ச. காலமெல்லாம் கரிக்குள்ள கிடந்தவ. எனக்கு மரத்தடி இருக்குல்ல" என்றார்.

நான் என்னவெல்லாமோ கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றுகூட இந்த மனுஷனுக்குப் பொருந்தவில்லை. "எந்திரிங்க. சட்டையப் போடுங்க. நிறத்த நீங்க சொல்லுங்க" என்றேன். "இப்பவா?" என்றார். "இப்பத்தான்" என்றேன்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும், நிறம் தெரியாது என்று அவர் சொல்ல, மறுநாள் ராமநாதபுரம் பெயிண்ட் கடைக்குப் போனோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். ஒரு கட்டி வரப்பு மண், ஒரு துண்டுக் காய்ந்த ஓலை, ஒரு கிழிசல் சாக்கு. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வேலையை விட்ட அன்று எடுத்து வந்தாராம், கூரை வீட்டில் வைத்திருந்தாராம். "சும்மாதான்" என்றார். கடைக்காரர் மண்கட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார்.

என் கணவர் அட்டையை டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். வெளியே எடுத்துப் போய், வெயிலில் ஒரு தரம், கடை நிழலில் ஒரு தரம், கண்ணாடியோடு ஒரு தரம், கண்ணாடி இல்லாமல் ஒரு தரம் பார்த்தார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டி நிறத்தைக் கலந்து காட்டினார். "இது காஞ்ச மண்ணு. எனக்கு வேண்டியது ஈரம் காயுற மண்ணு" என்றார் இவர். மறுபடியும் கலந்தார்கள். "இப்ப ஈரம் கூடிப்போச்சு." நாலாவது தரம் கடைக்காரர், "அண்ணே, எங்க கம்பெனி ஆளுகூட இப்படிப் பாக்க மாட்டாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நாலாவதில்தான் மண்கட்டியை டப்பா மூடியில் வைத்தபோது எது மண், எது பெயிண்ட் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் இருந்த அத்தனை பேரிடமும் இவர்தான் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

அதே திருப்புல்லாணி பெயிண்டர் வந்தார். "பெயிண்ட்ல சலிச்ச மணலக் கொஞ்சம் கலங்க" என்றார் என் கணவர். "சொரசொரன்னு ஆயிரும்ணே, கை பட்டா உரசும்" என்றார் பெயிண்டர்.

"உரசட்டும். வழவழன்னு இருந்தா வெளிச்சம் பட்டுத் திரும்பி நம்ம மூஞ்சியிலதான் அடிக்கும். சொரசொரப்புன்னா வெளிச்சத்தக் குடிச்சிரும்."

பெயிண்டர் ஒரு மூலையில் ஒரு கை அளவு அடித்துப் பார்த்தார். எட்டி நின்று பார்த்தார், கிட்டே வந்து தடவினார். பிறகு மிச்ச மணலையும் சலிக்கச் சொன்னார். அடுத்த பத்து நாளும் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் என் கணவரிடம்தான் கேட்டார்.

டைல்ஸைப் பெயர்க்க முடியாது. அதற்கு மேல் கோரைப்பாய் விரித்தோம், சாயம் போடாத பாய், வைக்கோல் நிறம். ஜன்னலுக்குச் சாக்குத் துணி என்று அவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. ரேஷன் கடை மாதிரி ஆகிவிடும் என்று சண்டைக்குப் போனேன். ராமநாதபுரத்திலேயே புதுச் சணல் துணி வாங்கி வந்து, மூன்று தரம் அலசிக் காயப்போட்டு, ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னார். தைத்து மாட்டினேன். மத்தியானம் வெயில் அதன் இழைகளுக்கு நடுவே வடிகட்டி வந்தது. காப்பி வடிகட்டுகிற மாதிரி. கூடத்தில் வெளிச்சம் இருந்தது, கூச்சம் இல்லை. நான் என்ன சொல்வது? சண்டையில் தோற்றேன், அவ்வளவுதான்.

மூலையில் இரண்டு ஓலைப்பெட்டி வந்தது. கயிற்றுக்கட்டில் பழைய வீட்டிலிருந்து உள்ளே வந்தது. பனங்கட்டையில் ஒரு பெஞ்சு, பாலிஷ் கிடையாது, எண்ணெய் மட்டும் தடவினார். கைப்பேசியில் அந்தப் பொண்ணு "நேச்சுரல் டெக்ஸ்சர்" என்று இழுத்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் அதைக் கடையில் போய் வாங்கியிருப்பாள். இவர் கண் எரிய எரிய நின்று, எதைப் பார்த்தால் ஆறும் என்று தேடித் தேடித் தெரிந்து வைத்திருந்தார்.

ஒரு சுவர் மட்டும் வெள்ளையாகவே நின்றது. கூடத்தில் அடுப்படிக்கு நேர் எதிரே இருப்பது, ஜன்னல் வெயில் விழாத பக்கம். பெயிண்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து ஞாபகப்படுத்தினேன். "அண்ணன் விடச் சொல்லிட்டாரு" என்றார். பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கும், அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வளைகாப்பு வேலை தலைக்கு மேல் கிடந்தது.

வளைகாப்பு அன்று மகள் மணையில் உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கணவர் படியேறி வந்தார். நிலைப்படியில் நின்று கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். வெறும் கண்ணோடு கூடத்தின் நடுவே நடந்து வந்து அட்சதை போட்டார். "அய்யா, கண்ணாடி?" என்றாள் மகள். "எதுக்குத்தா இங்கன?" என்றார். மகள் அழுதுவிட்டாள். மாசமாக இருக்கிற பிள்ளை அழலாமா என்று அதட்டிவிட்டு நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

சாப்பாட்டு நேரத்தில் எதிர்வீட்டு மதினி சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "உள்ள வந்தா என்னமோ கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு மதினி. கலரெல்லாம் யாரு எடுத்தா? மதுரையில இருந்து ஆளு வச்சீகளா?" என்றாள். கூடம் நிறைய ஆட்கள். பந்தியில் திருப்புல்லாணி பெயிண்டரும் உட்கார்ந்திருந்தார். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"உப்பு வாருறவரு எடுத்தாரு" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாக. "இந்த ஊருல அவரு மாதிரி நிறம் தெரிஞ்ச ஆளு யாரும் கிடையாது. எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு."

பெயிண்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு, "நெசந்தான்" என்றார். என் கணவர் எதுவும் காதில் விழாதவர் மாதிரி மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் பெயிண்டர் இலையில் மோர் வழிந்து ஓடியது.

எல்லாரும் போன பிறகு மணி மூன்று இருக்கும். வெயிலின் உக்கிரம் இறங்கவே இல்லை. மகள் உள்ளறையில் தூங்கினாள். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவர் கோரைப்பாயில் காலை நீட்டி, அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வீடு கட்டும்போது நினைத்து நினைத்துப் பார்த்தது இதைத்தான். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தச் சுவத்த எதுக்கு விட்டீக? பெயிண்ட் பத்தலையா?"

"மூணு லிட்டரு மிச்சம் கிடக்கு."

"அப்புறம்?"

"அது உனக்கு. அடுப்படியில இருந்து வெளிய வந்தா நேர அதுதான் தெரியும். நின்னு பாத்தேன்." தலையைப் பின்னால் சாய்த்து அந்தச் சுவரில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. இத்தன வருசம் மூஞ்சிக்கு நேர இருந்துச்சு. இனி முதுகுக்குப் பின்னாடி இருந்துட்டுப் போகுது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நான் எழுந்து போய், அவர் தலைக்குப் பக்கத்தில் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக வந்தது.